விசில் எண்ணினால் கறி வேகாது

பெங்களூருவில் தண்ணீர் 97 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடுகிறது. ஊர் கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 920 மீட்டர் உயரத்தில் இருப்பதால், இங்கே காற்றழுத்தம் சென்னையைவிடப் பத்தில் ஒரு பங்கு குறைவு. அழுத்தம் குறைந்தால் தண்ணீர் சீக்கிரமே ஆவியாகக் கிளம்பிவிடும். அதற்குப் பிறகு அடுப்பை எவ்வளவு தூண்டினாலும் திறந்த பாத்திரத்தின் வெப்பம் 97ஐத் தாண்டாது, எரிவாயுதான் தீரும்.

மூன்று டிகிரிதானே என்று தோன்றும். வேதிவினைகளுக்கு ஒரு தோராயக் கணக்கு உண்டு: வெப்பம் 10 டிகிரி ஏறினால் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும். அந்தக் கணக்கில், சென்னையில் திறந்த சட்டியில் ஒன்றரை மணி நேரம் வேகும் ஆட்டுக்கறிக்குப் பெங்களூருவில் இருபது நிமிடமாவது கூட வேண்டும். தண்ணீர் 92, 93 டிகிரியில் கொதிக்கும் ஊட்டிக்குப் போனால் இன்னும் மோசம். மதுரையிலிருந்தோ சென்னையிலிருந்தோ இங்கே குடிவந்தவர்கள் அம்மாவின் கைக்கணக்கில் குழம்பு வைத்துவிட்டு, கறி நார்நாராக இருக்கிறதே என்று காவிரித் தண்ணீரையும் கர்நாடக ஆட்டையும் குறை சொல்வதுண்டு. இரண்டின் மீதும் தப்பில்லை.

கறி வேகிறது என்கிறோமே, அப்போது உள்ளே நடப்பது என்ன? தசை என்பது பெரும்பாலும் தண்ணீர். நான்கில் மூன்று பங்கு. மீதியில் பெரும்பகுதி புரதம். இந்தப் புரதங்களில் இரண்டு வகையைப் பிரித்துப் பார்க்கவேண்டும். தசையைச் சுருக்கி விரிக்கும் இழைகள் ஒரு வகை. மயோசின், ஆக்டின் என்று பெயர். இவை வெப்பத்துக்குச் சீக்கிரம் பணிந்துவிடும். 50 டிகிரியில் மயோசின் இறுக ஆரம்பிக்கும், 70, 80க்குள் ஆக்டினும் இறுகிவிடும். இழை இறுகும்போது உள்ளிருக்கும் தண்ணீர் பிதுங்கி வெளியே வரும். கடாயில் போட்ட கறி ஐந்து நிமிடத்தில் தண்ணீர் விட்டுக்கொள்வது இதனால்தான்.

இன்னொரு வகைதான் நம் கதையின் நாயகன்: கொலாஜன். தசை இழைகளைக் கட்டுக்கட்டாகச் சேர்த்துப் பிடித்து, எலும்போடு இணைக்கும் சவ்வும் நாரும் பெரும்பாலும் இதனால் ஆனவை. மூன்று புரதச் சங்கிலிகள் ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டு, முப்புரிக் கயிறு போலத் திரிந்திருக்கும். 60 டிகிரியைத் தாண்டியதும் இந்தக் கயிறு சுருங்கும். சுருங்கும்போது தசையை நெரித்து, மிச்சம் இருக்கும் நீரையும் பிழிந்துவிடும். அதனால் அரைமணி நேரம் வெந்த கறி, பச்சைக் கறியைவிடக் கடினமாக இருக்கும். அந்த நேரத்தில் ஒரு துண்டை எடுத்துக் கடித்துப் பார்த்தவர்கள் “இது முற்றல் ஆடு, வேகவே வேகாது” என்று முடிவுகட்டி அடுப்பை அணைக்கிறார்கள். சரியாக அணைக்கக் கூடாத நேரம் அது. தொடர்ந்து சூடும் ஈரமும் கிடைத்தால் புரி அவிழும். சங்கிலிகள் பிரிந்து தண்ணீரோடு கலந்து ஜெலட்டின் ஆகும். கட்டிப்போட்ட கயிறு கரைந்துபோனதால் இழைகள் விரலால் தொட்டாலே பிரியும். ஜெலட்டின் நீரைப் பிடித்து வைத்திருப்பதால், உண்மையில் வறண்டுபோன கறிகூட நாக்குக்குச் சாறு நிறைந்ததாகத் தெரியும். குழம்புக்கு உதட்டில் ஒட்டும் வழவழப்பைத் தருவதும் இதுதான்.

அதாவது மசாலா கறியை மென்மையாக்குவதில்லை. கறிவேலை, மசாலாவேலை என்று இரண்டு தனித்தனி வேலைகள் ஒரே சட்டியில் நடக்கின்றன. சமையல் குறிப்புகளில் பெரும்பாலானவை இரண்டாவதைப் பக்கம் பக்கமாக எழுதிவிட்டு, முதலாவதை “ஐந்து விசில் விடவும்” என்று ஒரே வரியில் முடித்துவிடுகின்றன.

கறிவேலை கடையிலேயே தொடங்குகிறது. நிறைய உழைத்த தசையில் கொலாஜன் அதிகம். ஆடு நாள் முழுக்கத் தலையைக் குனிந்து மேய்கிறது, முன்னங்காலில் எடையைத் தாங்குகிறது. ஆகவே கழுத்து, முன்னஞ்சப்பை, கால், நெஞ்செலும்புப் பகுதிகள் குழம்புக்கு ஏற்றவை. முதுகுப் பக்கத்துச் சாப்ஸும் தொடையின் தனிக்கறியும் நார் குறைந்தவை; வறுவலுக்கும் கைமாவுக்கும் சரி, நீண்ட நேரம் வேகவைத்தால் சக்கையாகிவிடும். வெளிநாட்டுக் கடைகளில் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு விலை. நம் கடைகளில் பெரும்பாலும் எலும்போடு ஒரே விலைதான். எலும்பில்லாமல் கேட்டால்தான் கூடும். ‘நல்ல கறி’ என்று எல்லோரும் தொடையைக் கேட்கும்போது, “பாய், கழுத்தும் முன்னங்காலும் கலந்து ஒரு கிலோ போடுங்க, நல்லி எலும்பு ரெண்டு சேர்த்து” என்று கேட்பவருக்குத்தான் லாபம். 1927இல் கட்டப்பட்ட சிவாஜிநகர் ரஸ்ஸல் மார்க்கெட் பக்கம் தமிழிலேயே இதைக் கேட்டு வாங்கலாம்.

கடையில் தொங்குவது எந்த ஆடு என்பதும் முக்கியம். தமிழ்நாட்டில் வெள்ளாட்டுக்கறிக்கே மவுசு. பெங்களூருவிலும் பழைய மைசூர்ப் பகுதியிலும் ‘குரி’, அதாவது செம்மறி, கௌரவமான கறி. 2019 கால்நடைக் கணக்கெடுப்பு இதைத் தெளிவாகக் காட்டுகிறது: கர்நாடகத்தில் செம்மறி 1.1 கோடி, வெள்ளாடு சுமார் 62 லட்சம். தமிழ்நாட்டில் செம்மறி 45 லட்சம், வெள்ளாடு சுமார் 99 லட்சம். எல்லை தாண்டினால் விகிதம் அப்படியே தலைகீழ். வெள்ளாட்டுக்கறியில் கொழுப்பு குறைவு, நார் அதிகம். செம்மறி கொழுப்பேறியது, சீக்கிரம் வேகும். வெள்ளாட்டுக்குப் பழகிய கை செம்மறிக்கு எண்ணெயைக் குறைத்துக்கொள்ள வேண்டும். வெட்டித்தரும்போதே மேல்கொழுப்பைக் கொஞ்சம் நீக்கச் சொல்வதும் நல்லது. பலர் முகம் சுளிக்கும் ‘ஆட்டு வாடை’ சதையில் இல்லை, கொழுப்பில் இருக்கிறது. 4-மெத்தில் ஆக்டனாயிக், 4-எத்தில் ஆக்டனாயிக் என்ற இரண்டு கொழுப்பு அமிலங்கள் அதற்குக் காரணம். ஆட்டுக்கு வயது ஏற ஏற வாடையும் ஏறும். காயடிக்காத கிடாவில் இன்னும் தூக்கலாக அடிக்கும்.

வயது இன்னொன்றையும் செய்கிறது. இளம் ஆட்டில் கொலாஜன் கயிறுகளுக்கு இடையே குறுக்குக் கட்டுகள் குறைவு, சூட்டில் எளிதில் அவிழும். வயதாக ஆக அந்தக் கட்டுகள் இறுகி, வெப்பத்துக்கு மசியாதவையாக மாறுகின்றன. ஆட்டின் வயதைப் பல்லைப் பார்த்துச் சொல்வார்கள்: பால்பல் விழுந்து முதல் ஜோடி நிலைப்பல் முளைக்க ஒரு வயதோ சற்று மேலோ ஆகும். ‘பல் போடாத குட்டி’ என்று கடைக்காரர் சொன்னால் பொருள் அதுதான்.

கர்நாடகத்துக்கே உரிய பன்னூர் செம்மறியை இங்கே சொல்லாமல் போக முடியாது. மண்டியா இனம் என்று பதிவேடுகளில் இருக்கும் இந்த ஆடு குட்டையானது, கட்டுமஸ்தானது. பின்னாலிருந்து பார்த்தால் இரண்டு தொடைகளும் கவிழ்த்த ‘ப’ போல அகன்று தெரியும். மைசூரு மாவட்டத்துப் பன்னூரும் மண்டியா மாவட்டத்து மளவள்ளி வட்டாரமும் இதன் தாய்நிலம். மிருதுவான கறிக்குப் பெயர் பெற்ற இனம். கலப்பற்ற ஆடுகள் குறைந்துகொண்டே வருகின்றன. பெங்களூருவில் ‘பன்னூர் மட்டன்’ என்று பலகை மாட்டிய கடைகளோ குறையவில்லை. இந்தக் கணக்கு எப்படிச் சரியாகிறது என்பதை வாசகரே யோசித்துக்கொள்ளலாம். யுகாதிக்கு மறுநாள் ‘ஹொஸதொடக்கு’ அன்று அந்தக் கடைகளின் முன் விடிவதற்கு முன்பே வரிசை நின்றுவிடும். புத்தாண்டு முதல் நாள் ஒப்பட்டு எனும் போளி, மறுநாள் பாடூட்டம் என்பது இந்தப் பக்கத்து வழக்கம். பாடு என்றால் கறி.

வாங்கிய கறியை எப்போது சமைப்பது? பலரும் கவனிக்காத விஷயம் இது. ஆடு அறுத்த சில மணி நேரத்தில் தசை விறைத்துக்கொள்ளும். ஆற்றல் தீர்ந்துபோனதால் மயோசினும் ஆக்டினும் ஒன்றோடொன்று பூட்டிக்கொண்டு விலக முடியாமல் நிற்கும் நிலை அது. அறுத்த சூட்டோடு சமைத்தால் ஒருவிதம் மென்மையாக இருக்கும். விறைப்பு உச்சத்தில் இருக்கும்போது சமைத்தால் கடினமாக இருக்கும். ஒரு நாள் விட்டால் தசையில் உள்ள நொதிகளே இழைகளை அரித்து மறுபடி தளர்த்திவிடும். அதிகாலையில் அறுத்ததை எட்டு மணிக்கு வாங்கினால் உடனே அடுப்பேற்றிவிடுங்கள், இல்லையென்றால் குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் மறுநாள்வரை விடுங்கள். செய்யவே கூடாதது, புதுக்கறியை நேராக உறைபெட்டிக்குள் தள்ளுவது. விறைப்பு முடியாத தசை கடும் குளிரைக் கண்டால் தாறுமாறாகச் சுருங்கிவிடும். உறையவைத்த இறைச்சியை உலகமெங்கும் ஏற்றுமதி செய்த நியூசிலாந்து, தன் கறி ஏன் ரப்பராகிறது என்று குழம்பி, 1960களில் ஆராய்ந்து கண்டுபிடித்தது இதை.

இனி அடுப்புக்கு வரலாம். பெங்களூருவின் வீட்டுச் சமையலில் ஆட்டுக்கறிக்கு முதல் இடம் ‘மட்டன் சாரு’வுக்கு. ராகிக் களி உருண்டையான முத்தைக்குத் தோதாக, நம் குழம்பைவிடச் சற்றுத் தளர்வாக, பச்சை மசாலா அரைத்து வைப்பது. ஜெயநகர் சிவாஜி மிலிட்டரி ஹோட்டல் போன்ற பழைய அசைவ உணவகங்களில் இந்தக் குடும்பத்து உருப்படிகளை உண்டு பார்க்கலாம். வீட்டில் ஒரு கிலோ கறிக்கு: ஒரு கட்டுக் கொத்தமல்லித்தழை தண்டோடு, ஒரு கைப்பிடி புதினா, ஐந்தாறு பச்சைமிளகாய், இரண்டு வெங்காயம், ஒரு முழுப் பூண்டு, இரண்டு அங்குல இஞ்சி, அரைமூடித் தேங்காய், இரண்டு கரண்டி தனியா, ஒரு கரண்டி கசகசா, இரண்டு கரண்டி பொட்டுக்கடலை, ஐந்து கிராம்பு, இரண்டு துண்டு பட்டை. பொட்டுக்கடலையின் மாவுச்சத்தும் கசகசாவும் சாற்றுக்குத் திடம் தரும்.

இந்தப் பட்டியலில் கறிவேலையிலும் கைவைப்பது இஞ்சி ஒன்றுதான். பச்சை இஞ்சியில் ஜிஞ்சிபைன் என்ற நொதி இருக்கிறது. கொலாஜனை வெட்டும் திறன் அதற்கு உண்டு, 60 டிகிரி வாக்கில் மும்முரமாக வேலை செய்யும், கொதிநிலையில் செத்துவிடும். அரைத்த இஞ்சியைக் கறியில் உப்போடும் மஞ்சளோடும் தடவி அரைமணி வைப்பதற்கு ஆதாரம் இருக்கிறது. புட்டியில் மாதக்கணக்கில் இருந்த இஞ்சி பூண்டு விழுதிடம் இதை எதிர்பார்க்காதீர்கள். அந்த நொதி நெடுநாள் தாங்காது. பச்சைப் பப்பாளியின் பப்பைன் இன்னும் முரட்டுத்தனமானது. அளவு மிஞ்சினால் கறியின் மேற்புறம் கூழாகிவிடும். சாருவுக்கு அது தேவையில்லை என்பது என் கருத்து. உப்பை முதலிலேயே போடுங்கள். உப்பு தசைப்புரதத்தைத் தளர்த்தி நீரைப் பிடித்து வைக்கச் செய்கிறது. ‘முதலில் உப்புப் போட்டால் கறி விறைக்கும்’ என்று சில வீடுகளில் சொல்வதற்கு அடிப்படை இல்லை.

எண்ணெயில் பட்டை, கிராம்பைப் போடுவதும் சடங்கல்ல. கிராம்பின் யூஜினாலும் பட்டையின் சின்னமால்டிஹைடும் தண்ணீரைவிட எண்ணெயில் நன்றாகக் கரைபவை. முதலில் எண்ணெய்க்குள் இறங்கினால் சட்டி முழுக்கப் பரவும். பிறகு வெங்காயம், கறி. இங்கே அவசரப்படக் கூடாது. பிரெஞ்சு வேதியியலாளர் லூயி கமில் மயார் 1912இல் விவரித்த வினை, சர்க்கரையும் அமினோ அமிலமும் சேர்ந்து பழுப்பேறி நூற்றுக்கணக்கான மணப்பொருள்களை உண்டாக்கும் வினை, 140 டிகிரிக்கு மேல்தான் சுறுசுறுப்பாகும். சட்டியில் ஈரம் இருக்கும்வரை வெப்பம் 97லேயே நிற்கும். கறி விட்ட தண்ணீர் வற்றி, சடசடவென்ற ஓசை மாறி, ஓரத்தில் எண்ணெய் பிரிந்து மினுங்கும்போதுதான் வெப்பமானி 100ஐத் தாண்டிச் செல்லும். ‘எண்ணெய் பிரியும்வரை வதக்கவும்’ என்று நம் பாட்டிகள் சொன்னது, வெப்பமானி இல்லாத சமையலறையில் வெப்பத்தை அளக்கும் முறை. ஒரு கிலோவையும் சின்னக் குக்கரில் ஒன்றாகக் கொட்டினால் தண்ணீர் வற்றவே காலம் போய்விடும்; அகலமான கடாயில் இரண்டு தவணையாக வதக்கிக் குக்கருக்கு மாற்றுவது மேல்.

அரைத்த மசாலாவைச் சேர்த்துப் பச்சை வாடை போகக் கிளறி, கறி மூழ்கச் சுடுதண்ணீர் ஊற்றி, குக்கரை மூடினால் பெங்களூருவின் 97 டிகிரிச் சிக்கல் தீர்கிறது. இந்தப் பாத்திரத்தின் மூதாதை 1679இல் பிறந்தது. பிரெஞ்சுக்காரரான தெனி பாப்பென் லண்டனில் செய்துகாட்டிய அந்த இரும்புக் கலத்தின் நோக்கமே எலும்பை வேகவைப்பதுதான். 1682 ஏப்ரலில் ராயல் சொசைட்டி உறுப்பினர்களுக்கு அதில் சமைத்து விருந்து வைத்தார்கள். மாட்டெலும்பும் ஆட்டெலும்பும் மெத்தென்று ஆகிவிட்டதை ஜான் ஈவ்லின் தன் நாட்குறிப்பில் வியந்து எழுதியிருக்கிறார். கலம் வெடிக்காமலிருக்க எடை வைத்த பாதுகாப்பு அடைப்பானையும் பாப்பெனே சேர்த்தார். நாம் ‘வெயிட்’ என்று அழைக்கும் உருளையின் கொள்கை இன்றுவரை அதுவே. கணக்கு எளியது. மூடியின் துளைப் பரப்பு ஒரு சதுர சென்டிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொண்டால், அதன் மேல் 100 கிராம் எடையை வைத்தால், சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ அழுத்தம் சேரும்வரை ஆவியால் அதைத் தூக்க முடியாது. வீட்டுக் குக்கர்கள் வேலை செய்வது ஏறத்தாழ இந்த அழுத்தத்தில்தான்.

வெளிக்காற்றின் அழுத்தத்தோடு இந்த ஒரு கிலோவும் கூடுவதால், சென்னைக் குக்கருக்குள் தண்ணீர் 120 டிகிரியில் கொதிக்கும். பெங்களூருக் குக்கரில் 118, 119. திறந்த சட்டியில் மூன்றாக இருந்த வித்தியாசம் இரண்டுக்கும் கீழே வந்துவிட்டது. 97க்கும் 118க்கும் இடையே 20 டிகிரிக்கு மேல் இருப்பதால், கொலாஜன் கரைவது நான்கு மடங்குக்கும் மேல் வேகமாகிறது. இரண்டு மணி நேர வேலை அரைமணிக்குள் முடிகிறது.

விசில் விவகாரம் இங்கேதான் வருகிறது. விசில் என்பது மிகுதி ஆவி வெளியேறும் ஓசை. உள்ளே தேவையான அழுத்தம் வந்துவிட்டது என்று மட்டுமே அது சொல்கிறது. எவ்வளவு நேரம் வெந்தது என்பதை அதனால் சொல்ல முடியாது. பெரிய அடுப்பில் முழுத்தீயில் வைத்தால் ஆறு விசில் நான்கு நிமிடத்தில் அடித்துவிடும். அதே ஆறு விசில் சிறுதீயில் அரைமணி எடுக்கும். முதல் குக்கரில் கறி நெரிபட்டு விறைத்த கட்டத்தில் நிற்கும், இரண்டாவதில் எலும்பைவிட்டுக் கழன்றிருக்கும். தண்ணீர் அளவு, குக்கரின் கொள்ளளவு, வளையத்தின் வயது எல்லாம் எண்ணிக்கையை மாற்றும். முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்துக் கடிகாரத்தைப் பாருங்கள். இளம் செம்மறியின் முன்னஞ்சப்பைக்கு 15 நிமிடம், வெள்ளாட்டுக்கு 20 முதல் 25, முற்றிய ஆட்டுக்கோ கால் எலும்புக்கோ அதற்கும் மேல். அப்போது விசில் ஒன்றிரண்டுதான் வரும், வராமலும் போகலாம். அழுத்தம் நின்றால் போதும்.

அணைத்ததும் வெயிட்டைத் தூக்கி ஆவியை விரட்டுவது கெட்ட பழக்கம். உள்ளே 118 டிகிரியில் இருக்கும் நீருக்கு அழுத்தம் திடீரென்று போனால் மொத்தமும் பொங்கிக் கொதிக்கும், கறிக்குள் இருக்கும் நீரும் சேர்த்துத்தான். இழைகள் வறண்டு பிய்ந்துபோகும். கையில் ஆவி படும் ஆபத்து வேறு. தானாக அடங்கப் பத்து நிமிடம் விடுங்கள். திறந்தபின் சாறு தண்ணீராகத் தெரிந்தால் மூடியில்லாமல் கொதிக்கவிட்டு வற்றவையுங்கள். கொத்தமல்லித்தழையின் மணம் ஆல்டிஹைடுகளால் ஆனது, சூட்டில் பறந்துவிடும். அரைத்துப் போட்ட கட்டு நிறத்துக்கும் உடலுக்கும் உதவியதே தவிர மணம் பெரும்பாலும் போயிருக்கும். இறக்கியபின் கைப்பிடி பச்சைத்தழை தூவுவது அதை ஈடுகட்ட.

முத்தை சுடச்சுட வேண்டும். அதை மெல்லாமல் விழுங்குவதே இந்த ஊர் முறை. விள்ளிய உருண்டையைச் சாற்றில் தோய்த்து நேராக உள்ளே அனுப்புவார்கள். கரைந்த கொலாஜனின் வழவழப்பு இல்லாத சாற்றில் அது தொண்டையில் நின்றுவிடும். முத்தை கிண்டத் தெரியாதவர்கள் சோற்றோடு உண்ணலாம், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

கறி சரியாகக் கரைந்ததா என்பதற்கு நாக்கை மட்டும் நம்பவேண்டியதில்லை. ஜெலட்டின் ஆறினால் உறையும். சாருவில் பொட்டுக்கடலையும் சேர்ந்து கெட்டிப்படுத்துவதால் அங்கே சோதனை குழப்பும். மசாலா சேர்க்காத எலும்பு சூப்பு ஒரு கிண்ணம் எடுத்துக் குளிர்பெட்டியில் வையுங்கள். மறுநாள் கிண்ணத்தைச் சாய்த்தால் ஆடி நிற்கவேண்டும். தண்ணீராக ஓடினால் நேரம் போதவில்லை, அல்லது கடையில் கேட்ட துண்டு தப்பு. குளிரவைத்த சாருவின் மேலே வெள்ளையாகப் படிந்திருக்கும் கொழுப்பை வழித்துவிட்டுச் சூடாக்கினால் வாடையில் பாதி அதோடு போய்விடும். மசாலா மணத்தில் கொஞ்சமும் போகும் என்பதால், செம்மறி என்றால் முழுக்க வழியுங்கள், வெள்ளாடு என்றால் பாதியை விட்டுவையுங்கள்.